21 நொடியும் இன்னொரு 21 நொடியும்: ஒரு வீட்டுக் கணினியின் லாகின் தாமதம்

லாகின் மெதுவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் ஒன்று கேட்பேன்: தினமும் அதே நேரம்தான் ஆகிறதா, இல்லை ஒரு நாள் கூடவும் ஒரு நாள் குறையவும் வருகிறதா? பலருக்குப் பதில் தெரியாது, கடிகாரத்தை வைத்துக்கொண்டு யார் பார்க்கிறார்கள், "ரொம்ப நேரம் ஆகுது" என்பதோடு சரி. ஆனால் அந்தப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வேலைப்பளுவால் வரும் தாமதம் கூடிக் குறையும். வராத பதிலுக்குக் காத்திருப்பதால் வரும் தாமதம் ஒரே அளவில் நிற்கும், ஏனென்றால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை நிரலை எழுதியவர் முன்பே ஒரு எண்ணாகப் போட்டு வைத்துவிட்டார்.

மாமாவின் கணினி இரண்டாவது வகை. ஆனால் என்னிடம் வருவதற்குள் முதல் வகைக்கான வைத்தியம் அத்தனையும் அதற்குப் பார்த்தாகிவிட்டது.

விண்டோஸ் 10, எஸ்.எஸ்.டி. வட்டு, ரூட்டரிலிருந்து நேராக வரும் லேன் கேபிள். இரண்டு பயனர் கணக்குகள், ஒன்று மாமாவுடையது, இன்னொன்று அவர் மகளுடையது. கடவுச்சொல் அடித்ததும் வரவேற்புத் திரை சட்டென்று போய்விடும், அதில் குறையில்லை. அப்புறம்தான் கறுப்புத் திரை, நடுவில் மவுஸ் அம்பு மட்டும். வெகுநேரம் கழித்துப் பின்னணிப் படமும் ஐகான்களும் வரும், ஆனால் கீழே டாஸ்க்பார் செத்துக் கிடக்கும், எதை அமுக்கினாலும் அசையாது, இன்னும் கொஞ்ச நேரம் போனால்தான் உயிர் வரும். ஸ்டார்ட்அப் செயலிகள் எல்லாவற்றையும் டாஸ்க் மேனேஜரில் அணைத்திருந்தார்கள். விண்டோஸும் செயலிகளும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ஏதோ ஒரு மென்பொருள் ஓட்டியாகிவிட்டது. ராம் 8 ஜிபியிலிருந்து 16 ஆகியிருந்தது. விண்டோஸ் தொடங்கும் விதத்தை மாற்றும் எம்.எஸ்.கான்ஃபிக்கில் போய் பிராசசர் எண்ணிக்கையை உச்சத்தில் வைக்கும் அந்தப் பழைய வித்தையும் நடந்திருந்தது. (அந்தப் பெட்டி எத்தனை கோர்களுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று வரம்பு போடுவதற்கு. அதில் டிக் போடாவிட்டாலும் விண்டோஸ் எல்லாக் கோர்களையும்தான் எடுத்துக்கொள்ளும். சோதனைக்காக வைத்த ஒரு பூட்டை வேகத்தின் சாவி என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.)

"மாப்ளே, பேசாம ஃபார்மட் பண்ணிடலாமா?" என்றார் மாமா.

"கொஞ்சம் பொறுங்க மாமா, முதல்ல அளந்து பார்த்துடுவோம்."

ஃபார்மட் செய்திருந்தால் இந்தக் கோளாறு போயிருக்கும், அது உண்மை. எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியாமலேயே போயிருக்கும், அதே அமைப்பை யாராவது மறுபடி செய்து வைத்த அன்று அப்படியே திரும்பியும் வந்திருக்கும்.

அளவு

கணினியை அணைத்துப் போட்டுச் சோதித்தால் குழப்பம்தான் மிஞ்சும், ஏனென்றால் அப்போது பூட் நேரமும் லாகின் நேரமும் ஒன்றாகக் கலந்துவிடும். அதனால் ஸ்டார்ட் மெனுவில் சைன் அவுட் கொடுத்து, மறுபடி கடவுச்சொல் அடித்து, எண்டர் தட்டிய கணத்திலிருந்து போனில் ஸ்டாப்வாட்ச் வைத்தேன். எண்டரிலிருந்து கறுப்புத் திரை வரை 2 நொடி. கறுப்புத் திரை 21 நொடி. படம் வந்ததிலிருந்து டாஸ்க்பார் அசையும் வரை இன்னொரு 21. மொத்தம் 45-ஐ ஒட்டி. மறுபடி செய்தாலும் அதேதான், ஒரு நொடி முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான்.

இந்த ஒழுங்கே சந்தேகத்துக்குப் போதும். வட்டு தேய்ந்துபோய் மெதுவாகும் கணினி இப்படி நடக்காது. வைரஸ் ஸ்கேனர் ஒவ்வொரு கோப்பையும் தடவிப் பார்ப்பதால் வரும் தாமதமும் இப்படி இருக்காது, இரண்டாவது முறை கோப்புகள் நினைவகத்தில் இருப்பதால் கொஞ்சமாவது வேகம் கூடும். முதல் முறையும் அடுத்த முறையும் அச்சில் வார்த்தது போல ஒரே நேரம் வந்தால், கணினி ஒன்றும் செய்யவில்லை, காத்திருக்கிறது என்று பொருள்.

அதை உறுதிப்படுத்த எளிய வழி உண்டு. கறுப்புத் திரை வந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும், டெஸ்க்டாப்பைக் காட்டும் நிரலான எக்ஸ்ப்ளோரர் சிக்கிக் கிடந்தாலும் அது தனியாக வரும் (வராவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் வழியாகப் போகலாம்). திறந்து பார்த்தால் சி.பி.யு. இரண்டு மூன்று சதவீதம், வட்டு பூஜ்யம், ராமில் பாதிக்கு மேல் காலி. மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, சும்மாவா இருக்கு?" என்றார். சும்மாதான் இருந்தது. சும்மா இருக்கும் கணினிக்கு ராம் கூட்டி என்ன பயன், ஸ்டார்ட்அப் செயலியைக் குறைத்துத்தான் என்ன பயன்.

ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் வேகமாக வருவது ஏன்

மாமா சொன்ன ஒரு தகவல் வழியை மறித்துக்கொண்டு நின்றது. காலையில் கணினியை ஆன் செய்தால் மெதுவாக வருகிறது, ரீஸ்டார்ட் செய்தால் பல நேரம் வேகமாக வந்துவிடுகிறது என்றார். செய்து பார்த்தேன், சரிதான். இதைக் கேட்கிற யாரும் முதலில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மேல்தான் பழி போடுவார்கள். விண்டோஸ் 8-லிருந்து ஷட் டவுன் என்பது முழு அணைப்பு கிடையாது, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் நிலையை வட்டில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போவது. ரீஸ்டார்ட்தான் முழுதாக அணைத்து முழுதாக எழுப்புவது. ஆனால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் சேமிப்பது கெர்னல் பகுதியை மட்டும். பயனரின் அமர்வை அது தொடுவதில்லை, எப்படி அணைத்தாலும் லாகின் புதிதாகத்தான் நடக்கும். போதாததற்குச் சைன் அவுட் செய்து உள்ளே வந்தாலும் தாமதம் இருந்ததால் அந்தச் சந்தேகம் அங்கேயே விழுந்துவிட்டது.

காரணம் வேறு இடத்தில் இருந்தது. செட்டிங்ஸில் சைன் இன் பகுதியில், அப்டேட்டுக்கோ ரீஸ்டார்ட்டுக்கோ பிறகு என் சைன் இன் விவரங்களைப் பயன்படுத்தி மீதி அமைப்பைத் தானாக முடித்துக்கொள் என்று ஒரு விருப்பம் உண்டு. அது ஆனில் இருந்தால் ரீஸ்டார்ட் முடிந்ததும் விண்டோஸ் தானே லாகின் செய்து, திரையைப் பூட்டி வைத்துவிடும். அதாவது நீங்கள் பூட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் லாகின் நடந்துகொண்டிருக்கிறது, அந்த 45 நொடியும் அங்கேயே கரைகிறது, பிறகு நீங்கள் கடவுச்சொல் அடிப்பது பூட்டைத் திறப்பதற்கு மட்டும்தான். மாமா ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு எழுந்து போய் வேறு வேலை பார்த்துவிட்டு வருவார், வந்து பார்த்தால் வேகமாக இருக்கிறது. அதை அணைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன், தாமதம் ஒழுங்காகத் திரும்பி வந்தது. லாகின் தாமதத்தை ஆராய்கிற யாராக இருந்தாலும் இந்த விருப்பத்தை முதலில் அணைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பாதிச் சோதனைகள் பொய் சொல்லும்.

கணக்கும் கேபிளும்

மகளின் கணக்கில் நுழைந்தால் ஆறு நொடியில் டெஸ்க்டாப் வந்து டாஸ்க்பாரும் அசைந்தது. ஒரே கணினி, ஒரே வட்டு, ஒரே டிரைவர்கள், ஒரே ஆன்டிவைரஸ், ஒரே சர்வீஸ்கள். இந்த ஒரு சோதனை எத்தனை பேரை ஒரே அடியில் விடுவிக்கிறது பாருங்கள்: வன்பொருள் நிரபராதி, சிஸ்டம் கோப்புகள் நிரபராதி, கிராஃபிக்ஸ் டிரைவர் நிரபராதி. சிக்கல் மாமாவின் புரொஃபைலுக்குள், அதாவது அவர் கணக்குக்கே உரிய கோப்புகளுக்கும் அமைப்புகளுக்கும் உள்ளே, எங்கோ இருக்கிறது. வீட்டில் ஒரே ஒரு கணக்குதான் உண்டு என்றால், சோதனைக்காக ஒரு புதுக் கணக்கை உருவாக்கிப் பார்ப்பதில் இரண்டு நிமிடம்கூடப் போகாது, ஆனால் ஃபார்மட் வரை போனவர்கள்கூட இதைச் செய்து பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்து லேன் கேபிளைப் பிடுங்கிவிட்டு மாமாவின் கணக்கில் நுழைந்தேன். ஆறு நொடி.

கேபிளைச் செருகிவிட்டு மறுபடி நுழைந்தால் 45.

ஆக மாமாவின் கணக்கு, நெட்வொர்க் இணைப்பு, இரண்டும் சேர்ந்தால்தான் தாமதம், ஒன்று விலகினாலும் இல்லை. இதைப் பார்த்ததும் மாமா, "அப்போ நெட்டுதான் ஸ்லோ, கம்ப்ளெயின்ட் கொடுத்துடறேன்" என்று போனை எடுத்துவிட்டார். நெட் மெதுவாக இருந்தால் மகளின் கணக்கிலும் தெரிய வேண்டுமே. தவிர டெஸ்க்டாப் வருவதற்கு இணையத்தின் வேகம் தேவையே இல்லை. உள்ளே ஏதோ ஒன்று, நெட்வொர்க்கில் இல்லாத ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. கேபிள் இல்லாதபோது கூப்பிட வழியே இல்லை என்று விண்டோஸுக்கு அந்தக் கணமே தெரிந்துவிடுவதால் உடனே கைவிட்டுவிடுகிறது. கேபிள் இருந்தால் பதில் வரும் என்று நம்பிக் காத்திருக்கிறது.

லாகினுக்குப் பின்னால் என்ன நடக்கிறது

கடவுச்சொல்லை வாங்குவது லாகன்யூஐ என்ற திரை. சரிபார்ப்பது எல்சாஸ் என்ற நிரல். சரியென்றால் வின்லாகன் அடுத்த கட்டத்துக்குப் போகிறது, யூசர் புரொஃபைல் சர்வீஸ் உங்கள் அமைப்புகள் இருக்கும் என்.டி.யூசர் கோப்பை எடுத்து ரெஜிஸ்ட்ரியில் ஏற்றுகிறது, கொள்கைகள் அமலாகின்றன, பிறகு யூசர்இனிட் என்ற சின்ன நிரல் ஓடி எக்ஸ்ப்ளோரரைக் கிளப்பிவிட்டுத் தன் வேலை முடிந்தது என்று போய்விடும். நாம் டெஸ்க்டாப் என்று சொல்வது முழுக்க எக்ஸ்ப்ளோரர்தான்: பின்னணி, ஐகான், டாஸ்க்பார் எல்லாம். ஸ்டார்ட்அப் செயலிகள் வருவது கடைசியில், அதுவும் டெஸ்க்டாப்புக்கு மூச்சு விட இடம் கொடுத்து, விண்டோஸ் 8-லிருந்து அவற்றை வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளித்தான் தொடங்குகிறார்கள். அதனால் டெஸ்க்டாப்பே வராமல் கறுப்புத் திரையில் நிற்கும் கணினியில் ஸ்டார்ட்அப் பட்டியலைத் தேடுவது, இன்னும் வந்து சேராதவர் மேல் புகார் எழுதுவது மாதிரி.

இந்தக் கட்டங்களில் எது இழுக்கிறது என்பதை, விண்டோஸ் எழுதி வைக்கும் பதிவேடுகளைக் (லாக்) காட்டும் ஈவென்ட் வியூவர் ஓரளவு சொல்லும். அப்ளிகேஷன் லாகில் வின்லாகன் பெயரில் 6005, 6006 என்ற எண்கள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலாவது, குறிப்பிட்ட ஒரு பகுதி லாகின் அறிவிப்பைக் கையாள நீண்ட நேரம் எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது. இரண்டாவது, அது எத்தனை நொடி எடுத்தது என்பது. (இதே 6005, 6006 சிஸ்டம் லாகிலும் வரும், அங்கே ஈவென்ட் லாக் சர்வீஸ் தொடங்கியது, நின்றது என்பதற்கு. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் வேறு ஊருக்குப் போய்ச் சேருவீர்கள், மூலத்தின் பெயரையும் பாருங்கள்.) மாமாவின் கணினியில் வின்லாகன் பெயரில் இரண்டுமே இல்லை. யூசர் புரொஃபைல் சர்வீஸின் ஆபரேஷனல் லாகில் லாகின் அறிவிப்பு வந்தது என்கிற 1-க்கும், கையாண்டு முடித்தேன் என்கிற 2-க்கும் நடுவில் ஒரு நொடிகூட இல்லை. டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ் லாகில் 100 என்ற எண் பூட் நேரத்தைச் சொல்லும், மெதுவாக வந்த செயலி 101-லும் டிரைவர் 102-லும் சர்வீஸ் 103-லும் பதிவாகும், அங்கேயும் குறிப்பாக எதுவும் இல்லை. வட்டின் பக்கம் கோளாறைச் சொல்லும் 7, 129, 153 ஆகிய எண்களைத் தேடினேன், சுத்தம்.

லாக்கில் ஒன்றும் இல்லை என்பதையே ஒரு தகவலாகத்தான் எடுத்துக்கொண்டேன். வின்லாகன் வரை எல்லாம் சரியாக நடந்து எக்ஸ்ப்ளோரர் கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. எக்ஸ்ப்ளோரர் எதற்காவது காத்திருந்தால் அதை இந்த லாகுகளில் எழுதி வைப்பதில்லை. அதனால் நேரே அதன் மேல்தான் கண் வைக்க வேண்டும்.

யாரைக் கூப்பிடுகிறது

நெட்வொர்க்கில் யாரையோ கூப்பிடுகிறது என்றால் கூப்பிடும்போதே பிடித்துவிடலாம். மறுபடி லாகின், கறுப்புத் திரை, டாஸ்க் மேனேஜர், அதில் ஃபைல் மெனுவில் புதிய டாஸ்க், கமாண்ட் பிராம்ப்ட். நெட்ஸ்டாட் கட்டளையை -n என்ற சேர்க்கையோடு கொடுத்தால் அப்போது நடக்கும் இணைப்புகள் எல்லாம் பட்டியலாக வரும். அதில் ஒரே ஒரு வரி: 192.168.1.20 என்ற முகவரி, 445 என்ற போர்ட், நிலை சின் சென்ட். அதாவது, பேசலாமா என்று கேட்டாகிவிட்டது, எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. போர்ட் என்பது எந்தச் சேவையோடு பேச வேண்டும் என்று காட்டும் எண், 445 என்பது விண்டோஸ் கோப்புப் பகிர்வின் போர்ட்.

கணினியின் முகவரியோ 192.168.0 என்று தொடங்கியது. 1 எங்கே, 0 எங்கே?

"வீட்ல ரூட்டர் எதாச்சும் மாத்தினீங்களா மாமா?"

"ஆமா, பழசு போயிடுச்சுன்னு புதுசு வெச்சோம். அதுக்கும் இதுக்கும் என்ன?"

அதற்கும் இதற்கும்தான் எல்லாம். பழைய ரூட்டர் வீட்டுக் கருவிகளுக்கு 192.168.1 வரிசையில் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது, புதியது 192.168.0 வரிசையில் கொடுக்கிறது. கணினி, போன் எல்லாம் தானாகப் புது முகவரி வாங்கிக்கொண்டன. மேஜைக்குக் கீழே படங்களைச் சேமிக்கிற ஒரு சின்ன நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் செருகும் சேமிப்புப் பெட்டி) இருந்தது, அதற்கு மட்டும் மகள் 192.168.1.20 என்று நிலையான முகவரியைக் கையால் எழுதி வைத்திருந்தாள். அது இன்னும் விளக்கு எரிந்துகொண்டு, ரூட்டரிலும் செருகியபடி, யாருக்கும் எட்டாத முகவரியில் உட்கார்ந்திருந்தது. படங்கள் திறக்காதது மாமாவுக்குத் தெரியவில்லையா என்றால், அவர் இப்போதெல்லாம் போனில்தான் படம் பார்க்கிறாராம்.

முகவரி தெரிந்துவிட்டது. எக்ஸ்ப்ளோரருக்கு அங்கே என்ன வேலை என்று தெரிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இருக்கும் பிராசஸ் மானிட்டர் தேவைப்பட்டது. அதில் பூட் லாகிங் என்பதை ஆன் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால், கணினி எழுந்ததிலிருந்து ஒவ்வொரு நிரலும் எந்தக் கோப்பை, எந்த ரெஜிஸ்ட்ரி பதிவைத் தொட்டது என்று எழுதிக்கொண்டே போகும், நாம் அதை மறுபடி திறந்து சேமிக்கும் வரை நிறுத்தாது. லட்சக்கணக்கில் வரிகள் சேரும், பார்த்தால் தலை சுற்றும். ஆனால் தேட வேண்டியதைத் தெரிந்துகொண்டு போனால் சுலபம். எக்ஸ்ப்ளோரர் மட்டும் என்று வடிகட்டி, எடுத்துக்கொண்ட நேரத்தைக் காட்டும் டியூரேஷன் என்ற பத்தியில் 5 நொடிக்கு மேல் எடுத்தவை மட்டும் என்று இன்னொரு வடிகட்டியும் போட்டேன். மிஞ்சியவை இரண்டே வரிகள்.

முதல் வரியில் 192.168.1.20-இல் உள்ள படங்கள் ஃபோல்டரின் டெஸ்க்டாப்.இனி (desktop.ini) என்ற அமைப்புக் கோப்பைத் திறக்க முயற்சி, விடை பேட் நெட்வொர்க் பாத் (நெட்வொர்க் பாதை எட்டவில்லை), நேரம் 21 நொடிச் சொச்சம். இரண்டாவது வரியில் அதே முகவரியில் இருந்த ஒரு சின்னப் படம் அடுக்கும் நிரலின் இ.எக்ஸ்.இ. கோப்பு, அதே விடை, அதே 21.

முதலாவதற்குக் காரணம், மாமாவின் பிக்சர்ஸ் ஃபோல்டரே நாஸ் பெட்டிக்கு நகர்த்தப்பட்டிருந்தது. பிக்சர்ஸ் மேல் வலது க்ளிக், பிராப்பர்ட்டீஸ், லொகேஷன் என்று போய் வேறு இடம் காட்டினால் விண்டோஸ் அதையே அந்தக் கணக்கின் அதிகாரபூர்வ பிக்சர்ஸ் ஃபோல்டராக எடுத்துக்கொள்ளும். எக்ஸ்ப்ளோரர் கண் விழித்ததும் இந்தச் சிறப்பு ஃபோல்டர்களின் பெயரையும் ஐகானையும் தெரிந்துகொள்ள அவற்றின் டெஸ்க்டாப்.இனி கோப்பைப் புரட்டும். இரண்டாவது, அந்த அடுக்கும் நிரல் டாஸ்க்பாரில் பின் செய்யப்பட்டிருந்தது, அதாவது அதன் ஐகான் அங்கே நிரந்தரமாகக் குத்தி வைக்கப்பட்டிருந்தது. அதன் ஐகானை வரைய எக்ஸ்ப்ளோரர் மூலக் கோப்பைத் தேடிப் போகிறது, போனது வரும் வரை டாஸ்க்பார் முழுவதும் சிலை. ஸ்டார்ட்அப் பட்டியலை எத்தனை முறை காலி செய்திருந்தாலும் இந்த இரண்டும் அதில் இருக்காது.

ஏன் 21

இல்லாத முகவரிக்கு உடனே "இல்லை" என்று யாராவது சொல்லிவிட்டால் இத்தனை பாடு இல்லை. 192.168.1.20 என்பது இப்போது கணினியின் வரிசையில் இல்லாததால், இது வெளியே எங்கோ இருக்கிறது போலும் என்று கணினி அதை ரூட்டரிடம் தள்ளிவிடுகிறது. ரூட்டரும் தன் பட்டியலில் இல்லையே என்று வெளியே அனுப்புகிறது. 192.168 என்று தொடங்குபவை எல்லாம் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் புழங்கும் தனியார் முகவரிகள், பொது இணையத்தில் அவற்றுக்குப் பாதையே கிடையாது, அதனால் அந்தப் பாக்கெட் (தரவுத் துண்டு) வழியில் எங்கோ சத்தமில்லாமல் தூக்கிப் போடப்படும். மறுப்பும் இல்லை, ஏற்பும் இல்லை. இணைப்பை ஏற்படுத்தும் டி.சி.பி. முறை கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்கும், ஒவ்வொரு முறையும் இரண்டு மடங்கு பொறுக்கும். பழைய விண்டோஸ் பதிப்புகளில் முதல் பொறுமை 3 நொடி, அடுத்து 6, அடுத்து 12, கூட்டினால் 21. புதிய பதிப்புகளில் உள்ளே சில அளவுகள் மாறியிருந்தாலும், பதிலே வராத முகவரிக்கு 21-ஐ ஒட்டிய இந்தத் தாமதத்தை அடிக்கடி பார்க்கலாம்.

இந்த மாதிரி எண்கள் சிலவற்றை மனதில் வைத்துக்கொண்டால் நேரத்தைப் பார்த்ததும் ஆளை ஊகிக்கலாம். விண்டோஸில் 30 நொடி என்றால் ஒரு சர்வீஸ் எழுந்திருக்கக் காத்திருப்பது, சிஸ்டம் லாகில் 7009 அல்லது 7011 என்ற எண்ணோடு 30000 மில்லிநொடி என்றே எழுதியிருக்கும். 2009-இல் வந்த விண்டோஸ் 7-இல் இன்னொரு 30 நொடி இருந்தது: பின்னணிப் படம் வைக்காமல் வெறும் ஒற்றை நிறத்தை வைத்தால் வரவேற்புத் திரை 30 நொடி நின்றுவிடும், நான் தயார் என்று சொல்ல வேண்டிய பகுதி படம் வரையும்போதுதான் அதைச் சொல்லும்படி எழுதப்பட்டிருந்தது, படமே இல்லையென்றால் சொல்ல ஆளில்லை. பிறகு திருத்தம் வந்தது. கணினியை இலகுவாக்குகிறேன் என்று படத்தை எடுத்தவர்களுக்குத்தான் அது மெதுவானது என்பதை நினைத்தால் சிரிப்பு வரும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி 90 நொடி காத்திருக்கும், இணைக்க வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்.எஸ்.டேப் கோப்பில் கழற்றிப்போட்ட ஒரு வட்டின் வரி மிச்சமிருந்தால் கணினி பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடக் கவுன்ட் டவுனே ஓடும். அங்கே டெஸ்க்டாப் வந்தபிறகு ஒரு செயலி 25 நொடி கழித்துத் திறந்தால் நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் டி-பஸ் வழியாக அனுப்பிய கேள்விக்குப் பதில் வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம், அதன் வழக்கமான வரம்பு அதுதான்.

வேலைப்பளு வகையும் நிறைய உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒன்று ஒரு நொடிக்கு ஏறக்குறைய நூறு சிதறிய வாசிப்புகளைத் தாண்டத் திணறும், ஒரு சுற்றுக்கே 8 மில்லிநொடிக்கு மேல் ஆகிறது, அதோடு தலையும் நகர வேண்டும். எஸ்.எஸ்.டி. அதே வேலையைப் பல்லாயிரக்கணக்கில் செய்யும். ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 10 ஓடுகிறதென்றால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம், வட்டை மாற்றுங்கள். எஸ்.எஸ்.டி. இருந்தும் நேரம் ஏறி இறங்குகிறது, டாஸ்க் மேனேஜரில் வட்டு 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால் வட்டு தன் நிலையைத் தானே எண்ணிட்டுக் குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவுகளைப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் பழுதான இடங்களை எண்ணும் 5-உம் 197-உம் ஏறிக்கொண்டே போனால் வட்டு போகப் போகிறது, படங்களை முதலில் எடுத்து வையுங்கள். 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் சாட்டா கேபிள்தான், மாற்றிச் செருகினால் தீர்ந்துவிடும்.

சரிசெய்தது

முதல் வேலை கேபிளைப் பிடுங்கியது. இதை மறந்துவிட்டுப் பிக்சர்ஸின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் அந்தச் சன்னலும் 21 நொடி உறையும், லொகேஷன் தாவலைத் தொட்டால் மறுபடி உறையும், பொறுமை போய்விடும். கேபிள் இல்லாமல் எல்லாம் உடனுக்குடன் நடக்கும்.

பழைய இடத்துக்குத் திருப்பும் ரீஸ்டோர் டீஃபால்ட் பொத்தான் உண்டு, ஆனால் மூல இடம் எட்டாதபோது அது பிழை சொல்லி நின்றுவிட்டது. அதனால் ரெஜிஸ்ட்ரியில் கரன்ட் யூசர் பகுதியில், எக்ஸ்ப்ளோரரின் கீழ் யூசர் ஷெல் ஃபோல்டர்ஸ் என்ற கிளைக்குப் போய், முதலில் அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் செய்து பத்திரப்படுத்திவிட்டு, மை பிக்சர்ஸ் என்ற பதிவில் நாஸ் முகவரியை எடுத்துவிட்டு, யூசர்புரொஃபைல் மாறியை வைத்துக் கணினிக்குள்ளேயே இருக்கும் பிக்சர்ஸ் பாதையை எழுதினேன். அதே கிளையில் நீளமான எண்களும் எழுத்துகளுமாக அடைப்புக்குறிக்குள் இருக்கும் பதிவுகளில் ஒன்றும் நாஸ் பக்கமே காட்டிக்கொண்டிருந்தது, அதையும் மாற்றினேன். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் பதிவுகளையும் இந்தச் சாக்கில் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது, அதே முகவரி அங்கேயும் ஒளிந்திருக்கலாம்.

இதை மட்டும் செய்துவிட்டு, கேபிளைச் செருகி, சைன் அவுட் செய்து நுழைந்தேன். கறுப்புத் திரை வரவேயில்லை, படம் உடனே வந்தது, டாஸ்க்பார் மட்டும் அதே 21 நொடி. அப்புறம் டாஸ்க்பாரில் இருந்த அந்த நிரலின் பின்னை எடுத்துவிட்டேன், அந்த 21 நொடியும் போனது. இரண்டையும் சேர்த்தே செய்திருக்கலாம்தான், ஆனால் எது எந்த 21-க்குப் பொறுப்பு என்று தனித்தனியாகப் பார்த்தால்தான் பிராசஸ் மானிட்டரின் இரண்டு வரிகளுக்கும் திரையில் தெரிந்த இரண்டு நிற்றல்களுக்கும் கணக்கு நேராகும்.

இசட் என்ற எழுத்தில், நெட்வொர்க் ஃபோல்டரை ஒரு வட்டு போலக் காட்டும் மேப் செய்த டிரைவும் ஒன்று இருந்தது, சிவப்புச் சிலுவையோடு. லாகினை அது நிறுத்தவில்லை, அவற்றை விண்டோஸ் பின்னணியில்தான் இணைத்துப் பார்க்கிறது, ஆனால் திஸ் பிசியைத் திறக்கும்போது தடங்கல் செய்யும். நெட் யூஸ் கட்டளையில் டெலீட் சேர்த்து அதையும் கழற்றினேன். குவிக் ஆக்சஸில் பின் செய்திருந்த நாஸ் ஃபோல்டரையும் எடுத்தாகிவிட்டது.

மிச்சமிருந்தது நாஸ் பெட்டி. அதன் அமைப்புப் பக்கத்துக்குப் போக, கணினிக்குத் தற்காலிகமாக 192.168.1 வரிசையில் ஒரு முகவரியைக் கையால் கொடுத்தேன். இரண்டும் ஒரே ரூட்டரில் செருகியிருப்பதால் ஒரே வரிசைக்கு வந்ததும் நேராகப் பேசிக்கொள்ளும், ரூட்டரின் முகவரி வேறாக இருந்தாலும் பரவாயில்லை. அங்கே நிலையான முகவரியை எடுத்துவிட்டு, ரூட்டரிடமிருந்து தானாக முகவரி வாங்கும் டி.எச்.சி.பி. முறையை வைத்தேன், பிறகு ரூட்டரின் பக்கத்தில் அந்தப் பெட்டிக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கினேன். இனி ரூட்டர் மாறினாலும் பெட்டி தானாகப் புது வரிசைக்கு வந்துவிடும், ஒதுக்கீட்டை மட்டும் மறுபடி செய்தால் போதும். கணினியையும் பழையபடி தானாக முகவரி வாங்க விட்டாகிவிட்டது.

இப்போது பெட்டி எட்டுகிறது என்பதால் பிக்சர்ஸை மறுபடி அங்கே நகர்த்தலாமா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். ஒரு கணக்கின் சிறப்பு ஃபோல்டரை நெட்வொர்க்கில் வைத்தால், அந்தப் பெட்டிக்கு மின்சாரம் போனாலும் கேபிள் தளர்ந்தாலும் அதன் விலையை லாகினில் கட்ட வேண்டியிருக்கும். டெஸ்க்டாப்பில் சாதாரண ஷார்ட்கட் ஒன்று, முகவரிக்குப் பதில் பெட்டியின் பெயரைக் காட்டும்படி வைத்திருக்கிறேன். படம் அடுக்கும் நிரலைக் கணினிக்குள்ளேயே நகலெடுத்து டாஸ்க்பாரில் பின் செய்தாயிற்று.

கடைசியாக மறுபடி அளந்தோம். எண்டரிலிருந்து டாஸ்க்பார் அசையும் வரை ஆறு நொடி, கேபிள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். நாஸ் பெட்டியை அணைத்துவிட்டும் பார்த்தோம், அப்போதும் ஆறுதான். அணைத்திருந்த ஸ்டார்ட்அப் செயலிகளில் அவருக்குத் தேவையானவற்றைத் திரும்ப ஆன் செய்தேன், ஒரு நொடி கூடியது. ரெஜிஸ்ட்ரி சுத்தம் செய்யும் மென்பொருளை நீக்கினேன். "அப்போ அந்த ராம் வேஸ்ட்டா மாப்ளே?" என்று கேட்டார். பிரவுசரில் அவர் திறந்து வைத்திருந்த டேப்களைப் பார்த்தேன், வீண் இல்லை என்று சொல்லிவிட்டேன்.